ஆங்கிலம் கற்போம்: உயிர் பறித்த விபத்தை எழுதுவது எப்படி?



இம்முறை பாடத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் துயரமானது. உயிரிழப்பு ஏற்பட்ட ஒரு விபத்தை ஆங்கிலத்தில் எவ்வாறு சொல்வது, எவ்வாறு எழுதுவது என்பதையே இங்கு பார்க்கப் போகிறோம். வீட்டில் சாவு விழுந்த நேரத்தில் ஆங்கிலம் படிக்க யாருக்கும் மனம் வராது. ஆகவே முன்னரே படித்து வைப்பது நல்லது.

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுத உங்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைக் கைவிட வேண்டாம். ஆயினும் ஆங்கிலம் குறுக்கே வரும் இடங்கள் பல உள்ளன. காப்புறுதிப் படிவம், வெளிநாட்டு உதவி நிறுவனத்தின் விண்ணப்பம், மத்திய கிழக்கில் வேலைக்குச் சென்றவரின் மரணம் பற்றி வரும் கடிதம், வெளிநாட்டில் பிறந்து தமிழ் வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைக்கு நாம் எழுதும் கடிதம் என்பன அவற்றுட் சில. இடம்பெயர்ந்து வாழும் குடும்பத்துக்கு இத்தகைய கடதாசிகள் அதிகம். நடந்தது ஒன்றாகவும் எழுதியது வேறொன்றாகவும் இருந்தால் அலைச்சல் நமக்குத்தான்.

ஆங்கிலச் சொற்களை ஒலிக்கும் விதமாகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். பாடசாலை செல்லும் பிள்ளையிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் ஆங்கில எழுத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் அது பாடமாகும்.

1. சொல்லுக்கும் சோடி உண்டு

நாம் நெல்லை வெட்டுகிறோம், பூவை ஆய்கிறோம், தேங்காயைப் பிடுங்குகிறோம், கிழங்கைக் கிண்டுகிறோம். எல்லாம் விளைச்சலை எடுக்கும் வேலைதான். ஆனால் "பூவைக் கிண்டினேன்" என்று ஒருவர் சொன்னால் சிரிப்போம். இலக்கணப் பிழை எதுவும் அதில் இல்லை. சோடி பிழைத்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆங்கிலத்திலும் இப்படித்தான். எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பது அம்மொழியைப் பேசுவோரின் வழக்கம். தனிச்சொற்களை அகராதியில் பார்த்து அடுக்கினால் வசனம் வரும். ஆனால் வாசிப்பவர் தடக்குவார். சில வேளை வேறு பொருளும் கொள்வார். எனவே சொற்களைச் சோடியாகவே மனனம் செய்யுங்கள்.

2. எப்படிப்பட்ட விபத்து?

ஒருவராவது இறந்த விபத்து "ஃபேற்றல் அக்சிடென்ற்" எனப்படும். படிவங்களிலும் பொலிஸ் அறிக்கைகளிலும் வரும் சோடி இதுதான். "டெட்லி" என்ற சொல்லும் உண்டு. பத்திரிகைகள் விபத்துக்கும் அதைப் பயன்படுத்துவதுண்டு. ஆனால் அது பெரும்பாலும் கொல்லக்கூடிய ஒன்றைக் குறிக்கும். மூடிய போத்தலில் இருக்கும் பூச்சிமருந்து "டெட்லி பொய்சன்". அது இன்னும் யாரையும் கொல்லவில்லை. "ஃபேற்றல்" என்றால் உயிர் போய்விட்டது என்பது உறுதி.

உயிர் தப்பியும் பலத்த காயம் ஏற்பட்டிருந்தால் "சீரியஸ் அக்சிடென்ற்" என்று எழுதுங்கள். "பலத்த" என்பதை மொழிபெயர்த்து "ஹெவி அக்சிடென்ற்" என எழுத வேண்டாம். "ஹெவி" மழைக்கும் சுமைக்கும் சேரும், விபத்துக்குச் சேராது.

அடுத்தது வினைச்சொல். நமது பத்திரிகைகளில் "விபத்து இடம்பெற்றது" என்று வாசிக்கிறோம். கூட்டமும் இடம்பெறும், விபத்தும் இடம்பெறும். அதை அப்படியே "ருக் பிளேஸ்" என்று ஆங்கிலமாக்குவோர் பலர். ஆங்கிலத்தில் அச்சோடி பெரும்பாலும் ஏற்பாடு செய்து நடத்தும் கூட்டம், திருமணம், தேர்தல் போன்றவற்றுக்கே உரியது. விபத்தை யாரும் ஏற்பாடு செய்வதில்லை. "த அக்சிடென்ற் ஹப்பன்ட்" என்று எழுதுங்கள். சற்று அலுவலக நடையில் வேண்டுமானால் "த அக்சிடென்ற் ஒக்கேர்ட்" எனலாம்.

3. இறந்தாரா, கொல்லப்பட்டாரா?

நம்மவர் அதிகம் தயங்கும் இடம் இது. தமிழில் "கொல்லப்பட்டார்" என்றால் யாரோ வேண்டுமென்றே கொன்றார்கள் என்று பொருள் கொள்கிறோம். ஆங்கிலத்தில் "வொஸ் கில்ட்" என்பதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. விபத்து, மின்னல், வெள்ளம் ஆகியவற்றால் திடீரென உயிர் போனாலும் "வொஸ் கில்ட்" என்பதே இயல்பான சொல். கொலை என்று சொல்ல "மேர்டர்ட்" என்ற வேறு சொல் இருக்கிறது. ஆகவே "ஹீ வொஸ் கில்ட் இன் எ ரோட் அக்சிடென்ற்" என எழுதப் பயப்பட வேண்டாம். அவர் வீதி விபத்தில் உயிரிழந்தார் என்பதே அதன் கருத்து.

"டைட்" என்பது இறந்தார் என்ற பொதுச்சொல். நோயால் இறந்தாலும் முதுமையால் இறந்தாலும் அதுவே. பின்னால் வரும் சிறு சொல்லில்தான் கவனம் வேண்டும்.

"டைட் இன்": இன்ன விபத்தில் இறந்தார்.
"டைட் ஒஃப்": இன்ன நோயால், இன்ன காயங்களால் இறந்தார்.
"வொஸ் கில்ட் பை": இன்ன பொருளால், இன்ன ஆளால் உயிர் போனது.

விபத்து நடந்து சில நாள் வைத்தியசாலையில் இருந்து இறந்தவருக்கு "டைட் ஒஃப் ஹிஸ் இஞ்சரீஸ்" என எழுதுவர். அதாவது, பட்ட காயங்களால் இறந்தார். பெண்ணாயின் "ஹிஸ்" என்பதற்குப் பதில் "ஹேர்". இந்தச் சோடி முக்கியமானது. வைத்தியசாலையில் நடந்த சாவுக்கும் வீதியில் நடந்த விபத்துக்கும் உள்ள தொடர்பை அது சொல்லிவிடுகிறது. வெறுமனே "டைட் இன் ஹொஸ்பிற்றல்" என்று மட்டும் எழுதினால், நோயாளியாக இருந்து இறந்தவர் என்று காப்புறுதி எழுதுவினைஞர் எண்ணக்கூடும்.

அந்த இடத்திலேயே இறந்தவருக்கு "வொஸ் கில்ட் ஒன் த ஸ்பொட்" என எழுதலாம். நம் ஊர்களில் வழங்கும் "ஸ்பொட் டெட்" என்ற சோடி வெளிநாட்டவருக்கு விளங்காது.

4. காயமும் சேதமும்

ஆங்கிலத்தில் காயத்துக்கு இரண்டு சொற்கள் உண்டு. விபத்தில் காயப்பட்டவர் "இஞ்சேர்ட்". துப்பாக்கி, ஷெல், கத்தி போன்ற ஆயுதத்தால் காயப்பட்டவர் "வூண்டட்". தமிழில் இரண்டுக்கும் "காயமடைந்தார்" என்றே எழுதுகிறோம்.

போர் நடந்த பிரதேசத்தில் இந்த வேறுபாடு பெரியது. உழவு இயந்திரத்திலிருந்து விழுந்தவரை "வூண்டட்" என்று எழுதினால், எங்கே யார் சுட்டது என்ற கேள்வி வரும். ஷெல் பட்டவரை "இஞ்சேர்ட் இன் அன் அக்சிடென்ற்" என்று எழுதினால், அவருக்கு நடந்ததே கடதாசியில் மறைந்துபோகும். இரண்டும் கூடாது.

மனிதருக்கும் விலங்குக்கும் "இஞ்சேர்ட்". வாகனத்துக்கும் வீட்டுக்கும் "டமேஜ்ட்". "லொறி சேதமடைந்தது, சாரதி காயமடைந்தார்" என நாம் பிரிப்பது போலவே அவர்களும் பிரிக்கிறார்கள். இங்கே தமிழே வழிகாட்டும்.

5. சாவுக்கேற்ற வினை

என்ன நடந்தது என்பதைச் சொல்ல ஒவ்வொன்றுக்கும் உரிய வினை உண்டு.

மோதல்: இரண்டு வாகனங்கள் ஒன்றோடொன்று மோதினால் "கொலைடட் வித்". 27.04.2005 அன்று பொல்கஹவெலைக்கு அண்மையில் யாங்கல்மோதர புகையிரதக் கடவையில் ஒரு பஸ்ஸும் ரயிலும் மோதின. 30 பேருக்கு மேல் உயிரிழந்தனர். அதை "எ பஸ் கொலைடட் வித் எ றெயின்" எனலாம். அசையாமல் நிற்கும் ஒன்றில் போய் மோதினால் "கிராஷ்ட் இன்ரு" என்பதே இயல்பு. 04.12.1974 அன்று இந்தோனேசிய யாத்திரிகர்களை ஏற்றிவந்த விமானம் மஸ்கெலியாப் பகுதியில் ஏழு கன்னியர் மலையில் மோதியது. அது "த பிளேன் கிராஷ்ட் இன்ரு எ மவுண்டன்". அதில் இருந்த 191 பேரும் இறந்தனர். விமானத்திலோ கப்பலிலோ இருந்தோரை "ஒன் போர்ட்" என்ற சோடியாற் குறிப்பர்.

வீதி: நடந்து சென்றவரை வாகனம் அடித்து வீழ்த்தினால் "வொஸ் நொக்ட் டவுன் பை". சில்லு ஏறிவிட்டால் "வொஸ் ரன் ஓவர் பை". வாகனம் புரண்டால் "ஓவர்ரேர்ண்ட்".

மின்னல்: "இடி விழுந்து இறந்தார்" என்பது நமது வழக்கு. ஆங்கிலத்தில் இடி என்பது "தண்டர்". அது வெறும் சத்தம், கொல்லாது. கொல்வது மின்னல். எனவே "வொஸ் ஸ்ரக் பை லைற்னிங்" என எழுதுங்கள். மாசி கழிந்து சித்திரை வரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேரங்களில் வெளியில் வேலை செய்வோருக்கு இந்த ஆபத்து அதிகம்.

தண்ணீர்: மூழ்கி இறந்தவர் "ட்ரவுண்ட்". அச்சொல்லிலேயே சாவு அடங்கிவிடுகிறது. பின்னால் "அண்ட் டைட்" என்று சேர்ப்பது மிகை. கிணற்றில் விழுந்து காப்பாற்றப்பட்ட பிள்ளையை "ட்ரவுண்ட்" என்று சொன்னால் கேட்பவர் பிள்ளை இறந்ததாகவே எண்ணுவார். அப்போது "நியர்லி ட்ரவுண்ட்" எனச் சொல்ல வேண்டும்.

மின்சாரம்: மின்தாக்கி இறந்தவர் "வொஸ் இலெக்ரோகியூற்றட்". உயிர் தப்பியவர் "கொற் அன் இலெக்ரிக் ஷொக்".

பாம்பு: "வொஸ் பிற்றன் பை எ சினேக்" என்றால் கடித்தது மட்டும். கடித்து இறந்தால் "டைட் ஒஃப் சினேக்பைற்".

மிதிவெடி: "ஸ்ரெப்ட் ஒன் எ லாண்ட்மைன்" என்றால் மிதிவெடியில் கால் வைத்தார். "வொஸ் கில்ட் பை எ லாண்ட்மைன்" என்றால் அதனால் உயிரிழந்தார். மீளக்குடியேறிய காணியைத் துப்புரவாக்கும்போது நடந்தது என்பதற்காக இதைப் பொதுவாக "அக்சிடென்ற்" என்று எழுதிவிட வேண்டாம். மிதிவெடி தானாக முளைப்பதில்லை.

6. பத்திரிகை நடையும் கடித நடையும்

"த கிராஷ் கிளெய்ம்ட் 191 லைவ்ஸ்" என்று பத்திரிகை எழுதும். விபத்து 191 உயிர்களைப் பலிகொண்டது என்பது கருத்து. தமிழில் "பலி" என்றதும் கோயிற் பலி நினைவுக்கு வரலாம். அதை மொழிபெயர்க்க முயல வேண்டாம். "கிளெய்ம்ட்" என்பதே சோடி. அதே "கிளெய்ம்" என்ற சொல்தான் நட்டஈட்டுக் கோரிக்கைக்கும் பெயர். படிவத்தின் தலைப்பில் அதைக் கண்டால் மயங்க வேண்டாம்.

உறவினருக்கு எழுதும்போது "பாஸ்ட் எவே" என்பது மென்மையான சொல். காலமானார் என நாம் எழுதுவது போல. ஆனால் அது எப்படி இறந்தார் என்பதைச் சொல்லாது. ஆகவே கடிதத்துக்கு அது பொருந்தும். கோரிக்கைப் படிவத்துக்குப் போதாது. "எக்ஸ்பயர்ட்" என்று எழுதும் பழக்கமும் நம்மிடையே உண்டு. வெளிநாட்டவர் அதைக் கடவுச்சீட்டுக்கும் மருந்துக்கும் காலம் முடிந்ததைச் சொல்லவே பெரும்பாலும் பயன்படுத்துவர். மனிதருக்கு அதைத் தவிர்ப்பது நல்லது.

7. "பை" என்ற சிறு சொல்

வேல்ஸ் நாட்டில் அபர்வான் என்ற சுரங்கக் கிராமம் உண்டு. அதன் மேலே மலைச்சரிவில் நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவுமண்ணை மேடுமேடாகக் குவித்து வந்தார்கள். ஏழாம் இலக்க மேட்டின் கீழே நீரூற்று இருந்தது. 21.10.1966 வெள்ளிக்கிழமை காலை, பிள்ளைகள் வகுப்பில் அமர்ந்த சிறிது நேரத்தில், அம்மேடு சரிந்து பாடசாலையையும் வீடுகளையும் மூடியது. 144 பேர் இறந்தனர். அவர்களில் 116 பேர் சிறுவர்கள்.

சில நாட்களில் மரண விசாரணை தொடங்கியது. பிள்ளைகளின் பெயர்களும் மரண காரணமும் வாசிக்கப்பட்டன. மூச்சுத்திணறலும் பல காயங்களும் என்பது வைத்தியக் காரணம். அப்போது ஒரு தகப்பன் எழுந்து மறுத்தார். நிலக்கரிச் சபையால் உயிருடன் புதைக்கப்பட்டார் என்றே தம் பிள்ளையின் சான்றிதழில் எழுத வேண்டும் என்றார். ஆங்கிலத்தில் அவர் சொன்ன சோடி "பெரிட் அலைவ்". அதை அடுத்து வந்த சிறு சொல் "பை".

வைத்தியர் எழுதியதும் பொய்யல்ல. உடலில் உயிர் எப்படி நின்றது என்ற கேள்விக்கு அது விடை. தகப்பன் கேட்டது வேறு கேள்விக்கு விடை: இது யாரால் நடந்தது? நீதிபதி எட்மண்ட் டேவிஸ் தலைமையிலான விசாரணை மன்றம் 1967 ஓகஸ்ற் மாதம் அறிக்கை வெளியிட்டது. குற்றம் தேசிய நிலக்கரிச் சபையினுடையதே, நட்டஈடு கொடுக்கும் பொறுப்பும் அதனுடையதே என்று அது முடிவு செய்தது.

"அக்சிடென்ற்" என்ற சொல்லைப் பற்றியே ஆங்கிலேயரிடையிலும் விவாதம் உண்டு. பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை 2001 இல் அச்சொல்லைத் தன் பக்கங்களில் இனி ஏற்பதில்லை என அறிவித்தது. பெரும்பாலான காயங்களும் அவற்றுக்குக் காரணமான நிகழ்ச்சிகளும் முன்கூட்டியே அறியக்கூடியவை, தடுக்கக்கூடியவை. "அக்சிடென்ற்" என்றால் விதி என்று தோன்றிவிடும் என்பது அதன் வாதம். படிவத்தில் அச்சொல் இருந்தால் நாம் பயன்படுத்தத்தான் வேண்டும். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது.

படிவங்களில் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் வரும். ஒன்று "கோஸ் ஒஃப் டெத்": மரண காரணம். வைத்தியரின் அல்லது மரண விசாரணை அதிகாரியின் சான்றிதழில் உள்ளதை அங்கே அப்படியே எழுதுங்கள். மற்றையது, விபத்து எப்படி நடந்தது என்பது. இங்கேதான் "பை" வர வேண்டும். லொறியால் என்றால் லொறி. அறுந்து கிடந்த மின்கம்பியால் என்றால் மின்கம்பி. கண்டதை "ஐ சோ" என்று எழுதுங்கள். பிறர் சொல்லக் கேட்டதை "ஐ வொஸ் ரோல்ட்" என்று எழுதுங்கள். காணாததைக் கண்டதாக எழுதினால் உண்மையான பகுதியும் நம்பிக்கை இழக்கும். பொலிஸ் வாக்குமூலம் எந்த மொழியில் எழுதப்பட்டாலும், உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்து விளக்கச் சொல்லிக் கேட்ட பின்னரே கையொப்பமிடுங்கள்.

8. மாதிரி

ஐந்து சிறு வசனங்கள் போதும். ஒரு வசனத்தில் ஒரு செய்தி.

"மை பிறதர் வொஸ் கில்ட் இன் எ ரோட் அக்சிடென்ற்." எனது சகோதரர் வீதி விபத்தில் உயிரிழந்தார்.
"எ லொறி ஹிற் ஹிஸ் பைசிக்கிள் ஃப்ரொம் பிஹைண்ட்." ஒரு லொறி அவரது சைக்கிளைப் பின்னாலிருந்து மோதியது.
"த லொறி டிட் நொற் ஸ்ரொப்." லொறி நிற்கவில்லை.
"ஹீ டைட் ஒஃப் ஹிஸ் இஞ்சரீஸ் ரூ டேய்ஸ் லேற்றர்." இரண்டு நாட்களின் பின் அக்காயங்களால் இறந்தார்.
"ஐ சோ த அக்சிடென்ற்." விபத்தை நான் கண்டேன்.

பயிற்சி

பொருத்தமான சோடியைத் தெரிவு செய்க. கொப்பியில் எழுதிய பின் விடையைப் பார்க்கவும்.

1. விபத்து நேற்று நடந்தது: "ருக் பிளேஸ்" அல்லது "ஹப்பன்ட்"?
2. உழவு இயந்திரம் புரண்டு கால் முறிந்தவர்: "இஞ்சேர்ட்" அல்லது "வூண்டட்"?
3. வயலில் இடி விழுந்தது: "ஸ்ரக் பை தண்டர்" அல்லது "ஸ்ரக் பை லைற்னிங்"?
4. குளத்தில் மூழ்கியும் உயிர் தப்பிய பிள்ளை: "ட்ரவுண்ட்" அல்லது "நியர்லி ட்ரவுண்ட்"?
5. பஸ் மரத்தில் மோதியது: "கொலைடட் வித்" அல்லது "கிராஷ்ட் இன்ரு"?
6. ஒருவர் காயப்பட்டு ஒரு கிழமையின் பின் வைத்தியசாலையில் இறந்தார். "டைட் இன் ஹொஸ்பிற்றல்" என்பதோடு எந்தச் சோடியையும் சேர்க்க வேண்டும்?

விடைகள்: 1. ஹப்பன்ட். 2. இஞ்சேர்ட். 3. ஸ்ரக் பை லைற்னிங். 4. நியர்லி ட்ரவுண்ட். 5. கிராஷ்ட் இன்ரு. 6. டைட் ஒஃப் ஹிஸ் இஞ்சரீஸ்.

ஆறும் சரியாக வந்தவர்கள், அயலில் கடதாசியோடு அலையும் ஒருவருக்கு ஒரு படிவம் நிரப்பிக் கொடுங்கள். எழுதியதை அவருக்குத் தமிழில் ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். "ஓம், இப்படித்தான் நடந்தது" என்று அவர் சொன்ன பிறகு ஒப்பமிடச் சொல்லுங்கள்.